மஞ்சள் ஒட்டுச்சீட்டு

மார்ச் 14, வியாழக்கிழமை, முற்பகல் 11.20. வானம் மூடியிருந்தது, காற்று இல்லை. தகரக் கூரை போட்ட அலுவலகத்தில் எண்ணெய் நாற்றம் அசையாமல் நின்றது.

மேசைமேல் சிறிய சங்கிலி ரம்பம் கிடந்தது. பற்களுக்கிடையே மரத்தூள், மரத்தூளோடு சேர்ந்து கறுத்துப்போன இரத்தம். அதற்கு ஒரு சாண் தள்ளி மேஸ்திரி தம் தேநீர்க் குவளையை வைத்திருந்தார்.

விபத்தை விசாரிக்க வந்திருந்த பாதுகாப்பு ஆய்வாளர் அந்த ஒரு சாண் இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே, தொடையில் காயக்கட்டும், கக்கத்தில் ஊன்றுகோலுமாக, மரம் ஏறுபவர் அமர்ந்திருந்தார். அவரது ஏறும் உரிமம் முடக்கப்பட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது. தவறு அவருடையது என்று எழுதப்பட்டால் அது இனித் திரும்பாது.

விதி எளியது. உச்சியில் சிறிய ரம்பத்தை விட்டுப் பெரியதற்கு மாறும்போது, முதலில் சிறியதன் இயந்திரத்தை அணைக்க வேண்டும். சங்கிலித் தடையைப் பூட்ட வேண்டும். இடுப்புக் கொக்கியில் மாட்ட வேண்டும். அதன் பிறகே கீழிருந்து கயிற்றில் வரும் பெரியதைத் தொடலாம்.

“இவன் அணைக்கல சார். ஓடுற மெஷினை இடுப்புல தொங்க விட்டான், கிளை பட்டுத் தடை கழண்டுடுச்சு. அவ்வளவுதான்,” என்றார் மேஸ்திரி, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி.

“அமுக்கினேன் சார், நிக்கல. ‘நிக்க மாட்டேங்குதுண்ணே’ன்னு கத்தினேன். ‘தாலாட்டுப் பாடிப் பாரு’ன்னு கீழருந்து சிரிச்சாரு,” என்றார் மரம் ஏறுபவர், மேஸ்திரியைக் காட்டி.

ஆய்வாளர் அணைக்கும் விசையை அழுத்தினார். அது எதையும் பற்றாமல் ஆடியது. திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். விசைக்குச் செல்லும் கம்பி தேய்ந்து அறுந்ததன்று, வெட்டப்பட்டது.

மேஸ்திரிக்கு வெட்கம் ஏதும் இல்லை.

“ஒவ்வொரு தடவையும் அணைச்சு, மறுபடி இழுத்து இழுத்துக் கிளப்பினா, மரம் அதுவா வயசாகி விழுந்துடும் சார். அன்னிக்குக் காலைலதான் வெட்டிவிட்டேன்.”

வெட்டிய முனைகளில் மின்காப்பு நாடா இல்லை. மஞ்சள் ஒட்டுச்சீட்டு ஒன்று சுற்றப்பட்டிருந்தது. ‘சோதிக்கப்பட்டது’ என்ற அச்சு. அதன்கீழ்ப் பாதி தெரிந்த ஒரு கையெழுத்து. மூடியின் வெளிப்புறத்திலும் அதே சீட்டு, விபத்து நடந்த நாளின் தேதியோடு.

“டேப்பு கெடைக்கல. இதுதான் சுருள் சுருளாக் கெடக்கே சார்,” என்று இழுப்பறையைத் திறந்து காட்டினார் மேஸ்திரி. ஒவ்வொரு சீட்டிலும் கையெழுத்து முன்கூட்டியே இடப்பட்டிருந்தது. தேதிக்கு மட்டும் இடம் விடப்பட்டிருந்தது. காட்டிவிட்டு, பல்லில் ஒட்டிய பிஸ்கட்டை நாக்கால் துழாவினார்.

ஆய்வாளர் மூடியை மேசைமேல் வைத்தார். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். துடைத்த பின்னும் அவை பிசுபிசுத்தன.

முடிவை அங்கேயே எழுதினார். கம்பியை வெட்டியவர் மேஸ்திரி. இனி எந்தப் பணிக்குழுவையும் அவர் நடத்தலாகாது. நின்றிருக்க வேண்டிய இயந்திரம் நிற்காமற்போனதற்கு ஏறியவர் பொறுப்பல்லர். அவரது உரிமம் இன்றே திருப்பியளிக்கப்படுகிறது.

ஒட்டுச்சீட்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. தேவையற்ற சொல் ஆவணத்தில் இருத்தலாகாது என்பது அவர் கொள்கை.

தலைகீழாகவே படித்துவிட்ட மேஸ்திரி குவளையைக் கீழே வைத்தார். “சார்… நாம அப்படியா பழகினோம்?”

ஆய்வாளர் நிமிரவில்லை. மீண்டும் ஒருமுறை படித்தார், விடுபட்ட ஒற்று ஒன்றைச் சேர்த்தார், கையெழுத்திட்டார், நீட்டினார்.

மரம் ஏறுபவர் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். நிதானமாகப் படித்தார். கடைசி வரிக்கும் கீழே வந்து அவர் கண்கள் நின்றன.

“இதே கையெழுத்தப் பாத்துத்தான் சார், அன்னிக்கும் நம்பி ஏறினேன்.”