சந்தைக்குள் ஓடும் ஓடை

கூடையைத் தலையிலிருந்து இறக்காமல் அவள் நின்றாள்.

எங்கே இறக்குவது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமைச் சந்தை ஒரு வரைபடம் போலத்தான் உட்காரும். யாரும் கோடு போட்டுத் தந்ததில்லை. எந்தப் பாதையில் வந்தார்களோ அந்தப் பக்கத்திலேயே சாக்கை விரித்துவிடுவார்கள். தெற்கில் வேலங்காட்டுத் தமிழர்களின் வெங்காயம். கிழக்கில் எர்ரகுட்டைத் தெலுங்குக்காரர்களின் தக்காளி. மேற்கில் தொட்டமரஹள்ளிக் கன்னடக்காரர்களின் ராகியும் முட்டைக்கோசும். வடக்கு மூலையில், காட்டிலிருந்து இறங்கிவரும் சோளகர்களின் தேனும் கல்பாசியும். அங்கே மட்டும் எப்போதும் கொஞ்சம் நிழல்.

மலைமேல் ஏறி நின்றால் தாலுகா எப்படித் தெரியுமோ, அப்படி.

கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. வாங்க வருகிறவர்கள் நடக்கிற வழி. தாலுகாவில் அந்த இடத்தில் ஓடை ஓடுகிறது. சந்தையிலும் அதற்கு ஓடை என்றே பெயர்.

அவள் எர்ரகுட்டையில் பிறந்தவள். தை மாதம் வீட்டில் சொல்லாமல் ஓடையைத் தாண்டிப் போனாள். தொட்டமரஹள்ளிக்காரன் ஒருவன் அக்கரையில் டிராக்டரோடு காத்திருந்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு இன்றுதான் சந்தைக்கு வருகிறாள். கூடை நிறைய பீன்ஸ். தன் கையால் விதை ஊன்றியது. முதல் பறிப்பு.

கிழக்குக் கரையில் அம்மா முனெம்மா.

மேற்குக் கரையில், நேர் எதிரே, மாமியார் புட்டதாயி.

இருவரும் வெகுகாலமாக எதிரெதிர்ச் சாக்குக்காரிகள். சில்லறை மாற்றிக்கொள்வார்கள். ஒருத்தி டீ குடிக்கப் போனால் மற்றவள் கடையைப் பார்த்துக்கொள்வாள். இருவருக்கும் பொதுவானது தமிழ்தான். ஒருத்தி பேசினால் தெலுங்கு ராகம், மற்றவள் பேசினால் கன்னட ராகம்.

தை மாதத்தோடு அந்தத் தமிழும் நின்றுபோயிற்று.

அம்மா தக்காளியை அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள்.

மாமியார் காலையில் முதல் வண்டிக்கே கிளம்பி வந்துவிட்டாள். நீயும் வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

மேற்கில் உட்கார்ந்தால் அம்மா இந்த ஜென்மத்தில் பேசமாட்டாள். கிழக்கில் உட்கார்ந்தால் சாயங்காலம் எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குள் போவது?

யாராவது ஒருத்தி சாக்கைக் கொஞ்சம் ஒதுக்கினால் போதும்.

ஒருத்தியும் ஒதுக்கவில்லை.

கழுத்து வலித்தது.

நின்ற இடத்திலேயே கூடையை இறக்கினாள். துண்டை விரித்து உட்கார்ந்தாள்.

ஓடைக்கு நடுவில்.

நடப்பவர்கள் தயங்கி இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். ஒருவர் வேட்டியை உயர்த்திக்கொண்டு கூடையைத் தாண்டியே போனார்.

வடக்கு மூலையிலிருந்து தேன் விற்கிற கேத்தம்மா குரல் கொடுத்தாள்.

"ஏம் புள்ள, ஓடைக்குள்ள உக்காந்துட்ட? தண்ணி வந்தா அடிச்சுட்டுப் போயிருமே."

நாலு திசையும் சிரித்தது. அவளும் சிரித்தாள். கண் கொஞ்சம் கலங்கிற்று. வெயில் என்று வைத்துக்கொண்டாள்.

டவுனில் மெஸ் நடத்துகிறவர் ஒருவர் வந்து கூடைமுன் குந்தினார். ஒரு பீன்ஸை எடுத்து ஒடித்தார். டக்கென்று ஒடிந்தது. அவருக்குப் பிடித்துவிட்டது. இந்தச் சந்தையில் விலையை அப்புறம்தான் கேட்பார்கள்.

"எந்த ஊர்க் காய்ம்மா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"எர்ரகுட்டை" என்றாள் அம்மா, தக்காளியைப் பார்த்தபடியே.

"எங்க தோட்டத்துக் காய் எப்ப எர்ரகுட்டைக்குப் போச்சு?" என்று மாமியார் தன் முட்டைக்கோசிடம் கேட்டாள்.

"வெதச்ச கை எங்க ஊருது."

"தண்ணி பாய்ச்சுனது யாராம்?"

மெஸ்காரர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஒடித்த பீன்ஸைக் கையிலேயே வைத்திருந்தார்.

அம்மா எழுந்தாள். சாக்கின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தாள். தக்காளிகள் உருண்டு ஓடின. பொறுக்கவில்லை. மகளின் முழங்கால் இடிக்கும் வரை இழுத்து வந்து, அங்கே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

மாமியார் பார்த்தாள்.

பிறகு தன் மூட்டையை உருட்டத் தொடங்கினாள். அது கனமான மூட்டை. மருமகளின் அடுத்த முழங்காலுக்குப் பக்கத்தில் வந்துதான் நிறுத்தினாள்.

இப்போது வழி இல்லை.

பையும் கையுமாக வந்தவர்கள் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் முட்டி நின்றார்கள். ஒருவர் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிக் கேட்டார். இரண்டு கிழவிகளுக்கும் காது கேட்கவில்லை.

அவள் நடுவில் உட்கார்ந்து, மெஸ்காரருக்கு இரண்டு கிலோ நிறுத்தாள்.

தேங்கிய கூட்டம் மெல்ல வடக்கே திரும்பிற்று.

கேத்தம்மா தேன் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்து, ஓடைக்கு வழி விட்டாள்.