எண்ணூறு மீட்டர்

பனியன் கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டில் அவள் தன் சைக்கிள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். சாப்பாட்டு மணி அப்போதுதான் அடித்திருந்தது.

முன்சக்கரத்தின் வால்வைத் தரைக்கு நேராகக் கொண்டுவந்தாள். துணியில் குறிபோடும் சாக்கால் அங்கே ஒரு கோடு.

சக்கரத்தை ஒரே ஒரு சுற்று உருட்டினாள்.

வால்வு மறுபடி தரைக்கு வந்த இடத்தில் இன்னொரு கோடு.

கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தாள். நாள் முழுக்க அவள் பனியன்களை அளக்கிற டேப். அரை இன்ச் கூடினாலும் கூசாமல் ஒதுக்கித் தள்ளுவாள்.

டேப் நூற்றைம்பதில் முடிந்தது. மறுபடி வைத்தாள். நாற்பது.

ஆக, நூற்றுத் தொண்ணூறு சென்டிமீட்டர்.

கைப்பிடியில் இருந்த, தூரமும் வேகமும் காட்டும் மீட்டரின் பட்டனை அழுத்திப் பார்த்தாள். சக்கர அளவு: இருநூற்றுப் பத்து.

அளக்காமலே போட்டிருக்கிறான்.

கல்யாண நாளுக்கு அவள் கணவன் வாங்கிக் கொடுத்தது அந்த மீட்டர். மற்றவர்களுக்கெல்லாம் புடவை வரும். சக்கரக் கம்பியில் காந்தத்தையும் அவனே மாட்டினான். வீட்டிலிருந்து கம்பெனிக்குப் போக வர எட்டு கிலோமீட்டர் என்று தன் பைக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

மீட்டர் எட்டு காட்டியதே இல்லை. எட்டு புள்ளி எட்டு.

"மிச்ச எண்ணூறு மீட்டரு எங்க போயிட்டு வந்தே?"

பதினோரு மாதமாகத் தினமும் சாயங்காலம் இதே கேள்வி. வேகம் இருபது என்று காட்டினால், யாரைப் பார்க்க இத்தனை அவசரம் என்று இன்னொன்று.

அவள் எங்கேயும் போனதில்லை. பூக்கடையில்கூட நின்றதில்லை. ஆனாலும் கேட்டுக் கேட்டு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எந்தச் சந்தில் திரும்பினோம் என்று ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறாள்.

இன்று காலை, கூட வேலை செய்யும் சாந்தாமணி தன் பேட்டரி ஸ்கூட்டரில் பேசிக்கொண்டே பக்கத்தில் வந்தாள். ஸ்கூட்டரில் வேகம் பதினெட்டு. இவள் மீட்டரில் இருபது.

அப்போதுதான் பொறி தட்டியது.

இருநூற்றுப் பத்தை நூற்றுத் தொண்ணூறாக மாற்றினாள். காலையில் வந்த தூரம் நாலு புள்ளி நாலு என்றிருந்தது, சட்டென்று நாலு ஆனது.

அவ்வளவுதான். இனி கேள்வி இருக்காது.

கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷம் என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை. ஆத்திரம்.

விரல் பட்டனிலேயே இருந்தது.

நூற்று எண்பது. நூற்று எழுபது.

நூற்று ஐம்பத்திரண்டில் நிறுத்தினாள். இனி பத்து கிலோமீட்டர் மிதித்தாலும் மீட்டர் எட்டு என்றுதான் சொல்லும்.

ரெண்டு கிலோமீட்டர் அவளுக்கு.

சாயங்காலம் குளத்துப் பக்கம் திருப்பினாள். மீட்டரைப் பார்த்துக்கொண்டேதான் மிதித்தாள். போக ஒரு கிலோமீட்டர், வர ஒன்று. கரை மரங்கள் தெரிந்தன, தண்ணீர் தெரியவில்லை. அதற்குள் ஒன்று முடிந்துவிட்டது.

திரும்பினாள்.

வீட்டு வாசலில் அவன் குனிந்து பார்த்தான். எட்டு.

"இன்னிக்குத்தா ஒழுங்கா நேரா ஊட்டுக்கு வந்திருக்கறே."

அவள் சுடிதார் ஓரத்தில் ஒட்டியிருந்த நாயுருவி விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் வரைக்கும் போக, சக்கர அளவில் இன்னும் ஏழு சென்டிமீட்டர் குறைத்தால் போதும்.