பதினேழாவது வாய்தா

"என் கட்சிக்காரர் குணசீலன் கோவையில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், கனம் நீதிபதி அவர்களே" என்று வக்கீல் குரலை இறக்கியபோது, நாமக்கல் முன்சீப் கோர்ட்டின் மின்விசிறிகூட ஒரு நொடி நின்று சுற்றியது.

என்ன வர்ணனை! முதுகெலும்பில் மூன்று இடத்தில் விரிசலாம். தண்ணீரைக்கூட ஸ்பூனில்தான் புகட்ட வேண்டுமாம். முகக்கவசம் போட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கே கண் கலங்கிவிட்டது.

ரிட்டையர் ஆனவனுக்குக் கோர்ட்டைப்போல ஒரு பொழுதுபோக்கு ஏழு உலகத்திலும் கிடையாது. அதிலும் இந்த வழக்கு என்றால் சோற்றை விட்டுவிட்டு வருவேன்.

விஷயம் இவ்வளவுதான். குஞ்சம்மாளின் இரண்டு ஏக்கர் காடு, குணசீலனின் கோழிப்பண்ணைக்குப் பின்னால் இருக்கிறது. காலங்காலமாக வண்டி போன தடத்தின் குறுக்கே குணசீலன் இரும்பு கேட் போட்டுப் பூட்டிவிட்டார்.

உள்ளே குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, முற்றி நிற்கிறது. இந்த மாதம் பிடுங்கி ஜவ்வரிசி ஆலைக்கு ஏற்றாவிட்டால் அத்தனையும் நார்தான்.

குணசீலன் தரப்பு கேட்டது பதினேழாவது வாய்தா.

நீதிபதி சின்ன வயதுப் பெண். ஆனால் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தால், நாமக்கல் கோட்டைப் பாறையே நாலடி தள்ளி உட்காரும்.

"மருத்துவச் சான்று கொடுத்திருக்காங்க. உங்களுக்கு ஆட்சேபம் ஏதாச்சும் இருக்காம்மா?"

வக்கீல் வைக்காமல் தானே வழக்காடும் குஞ்சம்மாள், மெல்லத் திரும்பிப் பார்த்தார். முதல் பெஞ்ச். இரண்டாவது பெஞ்ச். கடைசி பெஞ்சுக்கு வந்த கண் என்மேல் பட்டு அங்கேயே நின்றது.

எனக்குக் காது மடல்வரை வியர்த்தது.

"ஆட்சேபம் ஒண்ணுமில்லீங்க சாமி. பாவம், நல்லா இருக்கட்டும்."

நீதிபதி பேனாவை எடுத்தார். "இன்னைக்கு வந்து போக உங்களுக்கு என்ன செலவு?"

"செலவே இல்லீங்க. பஸ்ஸு பொம்பளைங்களுக்கு இலவசமுங்களே. சோறு ஊட்ல இருந்தே கொண்டாந்துட்டேனுங்க."

ஆயிரம் ரூபாய் என்று அடித்துவிட்டிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? வக்கீல் சிரித்தேவிட்டார். "அப்படியென்றால் வாதிக்கு இழப்பு எதுவும் இல்லை, கனம் நீதிபதி அவர்களே."

"இருக்குதுங்களே. நான் கெழவி, இன்னும் பதினேழு வாட்டி வேணும்னாலும் வருவேனுங்க. கெழங்கு காத்திருக்காதுங்க."

அடடா! வெளியே பைபாஸில் போன முட்டை லாரிகள்கூட ஹாரனை விழுங்கிக்கொண்டன.

நீதிபதி நிதானமாக எழுதினார். வாய்தா உண்டு. ஆனால் வாதிக்குச் செலவுத்தொகை பத்தாயிரம். ஒரு வாரத்துக்குள் கட்டவில்லை என்றால் குணசீலனின் எதிர்வாதமே கோப்பிலிருந்து நீக்கப்படும்.

வக்கீலின் முகம், தட்டிலிருந்து நழுவி விழுந்த முட்டை.

நான் கைதட்டத் தூக்கிய கையைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். அறுபத்தாறு வயதில் பத்தாயிரம் அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு மனுஷியைப் பார்த்ததில்லை.

வெளியே வராந்தாவில் நழுவப் பார்த்தேன். குஞ்சம்மாள் சோறு கொண்டுவந்த தூக்குப்போசியோடு நேராக என்னிடமே வந்தார்.

"ஏனுங் குணசீலண்ணா, முதுகு இப்பத் தேவலைங்களா?"

முகக்கவசத்தைக் கண்வரை இழுத்தேன். இனி எதற்கு என்று கழற்றியும் விட்டேன்.

"உள்ளயே கை நீட்டிக் காட்டியிருக்கலாமுங்க. பொய்ச் சான்றுன்னு உங்களைப் புடிச்சு உள்ள போட்டுட்டா, அப்புறம் கேட்டை யாருங்க தொறக்கறது?"

"தேவலைங்க, அம்மிணி" என்றேன்.

சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தேன்.