சிவப்பு நூல்

வலையில் சினை நண்டு ஏறினால் சந்தியாகு அதன் காலில் சிவப்பு நைலான் நூல் கட்டிக் கடலிலேயே விட்டுவிடுவான். நூல் கட்டிய நண்டைப் பிடித்தால் திரும்ப விட்டுவிடுவோம் என்று ஊரே கோயிலில் சத்தியம் செய்திருந்தது.

அவன் மனைவி அமலிக்கு நண்டு கம்பெனியில் ஓடு உடைக்கும் வேலை.

"இன்னைக்கு நூலு கட்டுனது ஏதும் வந்துச்சா, புள்ள?"

"ஒண்ணுகூட இல்ல."

"பாத்தியா! நம்மாளுக குடிகாரப் பயலுவதான். ஆனா சத்தியத்த மீற மாட்டானுவ."

அவன் குளிக்கப் போனதும் அமலி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அன்று பதினோரு சிவப்பு நூல் துண்டுகள். வாடை போக அலசி, அவன் நூல் வைக்கும் டப்பாவில் போட்டு மூடினாள்.

மறுநாள் கடலுக்குக் கிளம்பும்போது சந்தியாகு டப்பாவைத் திறந்து பார்த்துச் சிரித்தான்.

"எம்புட்டு நண்டு விட்டுருப்பேன்! இது தீரவே மாட்டேங்குதே, அமலி."

"தீராது. நீங்க கட்டுங்க."