சாவி வைத்திருப்பவன்

2022 மார்ச் 5, சனிக்கிழமை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ஒரு சிற்றூர்த் துப்பாக்கிக் கடையில், வீட்டுக்குள் நுழைந்தவனை எப்போது சுடலாம் என்று விளக்கும் இலவச வகுப்பு நடந்தது.

“ஓடறவனைச் சுடாதீங்க. உயிருக்கு ஆபத்துன்னாதான் சட்டம் உங்க பக்கம்” என்றார் கடைக்காரர் ராய்ஸ்.

கடைசி வரிசையில் பண்ணைக்காரர் ஆர்லோ கை தூக்கினார். “உள்ள இருக்கறவன் போகவே மாட்டேங்கறான்னா?”

“போகச் சொல்லுங்க.”

“சொல்லிப் பார்த்துட்டேன். காலையில எழுந்தா சமையலறையில அவன்தான் உட்கார்ந்திருக்கான்.”

“மச்சினனா?” என்றார் ஒருவர். கடையே சிரித்தது.

“மச்சினன்னா ஜூரியே விட்டுடும்!” என்றார் இன்னொருவர்.

ராய்ஸும் சிரித்தார். “அவன்கிட்ட சாவி இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப அவன் திருடன் இல்ல, வீட்டு ஆளு. சுட்டா கொலைக் கேஸ்தான்.”

“யார் மேல போடுவாங்க?”

ராய்ஸின் சிரிப்பு நின்றது. “ஆர்லோ, உங்க சம்சாரம் ஜோன் போனப்புறம் வீட்டுல யாரு இருக்கா?”

“நான் மட்டும்தான்.”

ஒருவருக்கு வாழவே பிடிக்காத கெட்ட காலம் வந்தால் அவருடைய துப்பாக்கியை நண்பர் வாங்கி வைத்துக்கொள்வது அந்த ஊர் வழக்கம். காரணம் கேட்பதில்லை. ராய்ஸ் வகுப்பைப் பாதியில் முடித்துவிட்டு, ஆர்லோவைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

ஆர்லோவின் துப்பாக்கி இப்போது கடையின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் ஆர்லோ அதற்கு எண்ணெய் போட வருகிறார். கடை மூடும்வரை இருக்கிறார்.