வேறு எங்கும் இருப்பு இல்லை

“இன்னைக்கு நீங்கதான் கையெழுத்துப் போடணும்ண்ணே.”

முத்துமீனா ஆய்வுப் படிவத்தை மேசையில் வைத்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி பாண்டிராஜ் அவளிடம் சொல்லியிருந்தார்: “எது வேணும்னாலும் கேளு தாயி, என் கையெழுத்த மட்டும் கேக்காத.” இரண்டு வருடமாக அவள் கேட்டதில்லை. ‘உரிமையாளருக்காக’ என்று எழுதி அவளே போட்டு வந்தாள்.

வில்லாபுரத்தில் அடுப்பும் ஐந்து கிலோ சிலிண்டரும் விற்கிற கடை அது. நூறு கிலோவுக்கு மேல் கேஸ் வைத்தால் லைசென்ஸ் வேண்டும். பாண்டிராஜ் அதை வாங்கவில்லை. ஆய்வுக்கு யார் வந்தாலும் படிவத்தில் ‘பதினெட்டு சிலிண்டர்’ என்றுதான் எழுதச் சொல்வார். பின்னறையில் இன்னும் நாற்பது நிற்கும்.

அந்தப் பின்னறைக்கு நேர் மேலே டியூஷன் சென்டர். சாயங்காலமானால் அறுபது பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லும். கேஸ் நாற்றம் மேலே தெரியக் கூடாதென்று சிலிண்டருக்கு நடுவில் ஊதுபத்தி கொளுத்தி வைக்கிற மகராசன் பாண்டிராஜ்.

“என்ன திடீர்னு? டிகிரி படிச்ச புள்ள கையெழுத்துன்னா ஒரு மதிப்புல்ல.” பாண்டிராஜ் இளித்தார். “ஒங்க வம்சத்துலயே பேனா புடிச்ச மொத ஆளு நீ. நாலு பேரு பாக்குற தாள்ல ஒம் பேரு வந்தா கசக்குதாக்கும்?”

“வெடிச்சா யாரு பேருண்ணே வரும்?”

“வாயக் கழுவு. வெள்ளிக்கெழமையும் அதுவுமா.” வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நேத்து ஏத்துனதெல்லாம் என்னாச்சு?”

ஆய்வுக்கு நோட்டீஸ் வந்துவிட்டால் பின்னறை காலியாகும். அவளுடைய அப்பா வீரணனின் லோடு ஆட்டோவில் நாற்பது சிலிண்டரும் ஏறி, அவர்கள் வீட்டில் போய் இறங்கும். ஒற்றை அறை வீடு. போன தடவை கட்டிலுக்கு அடியில் பதினாறு, மீதியெல்லாம் சுவரோரம். நாலு நாளும் அம்மா அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. ராத்திரியில் ஒரு சிலிண்டர் ‘புஸ்’ஸென்று கசிந்தபோது, விளக்கைப் போடவும் பயந்து மூன்று பேரும் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் போய்ச் சொன்னதற்கு, “வாஷர் போயிருக்கும், சோப்பத் தடவு” என்றார் பாண்டிராஜ்.

“ஏத்துனது ஏத்துனபடி பத்திரமா இருக்குண்ணே.”

“அப்பறம் என்ன!”

தெருவில் ஜீப் சத்தம் கேட்டது. கடைக்கு எதிரே வேப்பமர நிழலில் வீரணனின் ஆட்டோ தார்ப்பாய் போர்த்தி நின்றதால், ஜீப் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. ஆய்வு அதிகாரி ஹுமா இறங்கி வந்தார். முன்கட்டில் இருந்ததை எண்ணினார். பின்னறைக்குள் போனவர் மூக்கைச் சுளித்தார்.

“என்ன சார், இது சாமி ரூமா?”

“வெள்ளிக்கெழம பூச மேடம். எல்லாம் அவன் செயல்.”

“பதினெட்டு. சரியா இருக்கு. கையெழுத்து?”

“இந்தா, இந்தப் புள்ள போடும் மேடம். எம் மக மாதிரி.”

முத்துமீனா பேனாவை அவர் பக்கமாகத் தள்ளினாள். “நான் போடல மேடம். மொதலாளி முன்னாடிதான இருக்காரு.”

“ஓனர் இருக்கும்போது அவங்க எதுக்கு? நீங்களே போடுங்க சார்.”

பாண்டிராஜின் முகம் கறுத்தது. பேனாவை எடுக்கிற சாக்கில் குனிந்து அவள் காதோரம் சீறினார். “மாட்டிவிடப் பாக்குறியாடி?”

“மாட்டுறதுக்கு இங்க என்னண்ணே இருக்கு?” அவளும் அதே தாழ்ந்த குரலில் சொன்னாள். “கீழ ‘வேறு எங்கும் இருப்பு இல்லை’ன்னு ஒரு வரி சேத்துருங்க. பின்னால ஒரு பய கேள்வி கேக்க மாட்டான்.”

பாண்டிராஜ் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். “இம்புட்டு நாள் கழிச்சு இப்பத்தான் ஒனக்குப் பொழைக்கத் தெரிஞ்சிருக்கு.”

அவள் சொன்னபடியே ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பை ஊதி ஊதிக் குத்தினார். போதாததற்கு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“எங்காத்தா சத்தியமா மேடம், இந்தப் பதினெட்டத் தவிர ஒரு சிலிண்டர் எனக்குன்னு எங்கயும் கெடையாது. வேற எங்கயாச்சும் இருந்தா அது என்னுது இல்ல.”

ஹுமா படிவத்தை வாங்கி, படித்துப் பார்த்து, கோப்பில் வைத்தார். முத்துமீனா கல்லாச் சாவியை மேசையில் வைத்தாள். சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“எங்க கெளம்பிட்ட?” என்றார் பாண்டிராஜ்.

“நேத்தே முடிவு பண்ணிட்டேண்ணே. இனி வரமாட்டேன்.”

படியிறங்கினாள். எதிரே வீரணன் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார். அவள் திரும்பி, பின்னால் வந்துகொண்டிருந்த அதிகாரியைப் பார்த்துக் கேட்டாள்.

“மேடம், எங்கப்பா வண்டியில நாப்பது சிலிண்டர் அனாமத்தாக் கெடக்கு. எங்க எறக்கணும்?”