மூன்று கடிதங்கள்

சவப்பெட்டி தேவாலய வாசலைத் தாண்டியதும் ஊர் வழக்கப்படி கைதட்டல் எழுந்தது.

முதலில் தட்டியவள் எர்சீலியா. கண் மட்டும் பெட்டியின் மேல் இல்லை. எதிர்ச்சுவரோரம் நின்ற நீவெஸின் கைகளின் மேல் இருந்தது.

தட்டுவாளா, மாட்டாளா? மூன்று நாளாக ஊரில் இதே பேச்சு.

பெட்டிக்குள் இருப்பவன் ஒரெஸ்தே. துறைமுகத்துக் குடிக்கடையில் கித்தாரோடு உட்கார்ந்திருந்தவன். ஜெனோவா நகரத்துக்குப் போய் இசைத்தட்டு வெளியிட்டான், தொலைக்காட்சியில் வந்தான், இருநூறு பாட்டு எழுதினான். ஜனங்களுக்கு நினைவில் நின்றது ஒன்றே ஒன்று: மூன்று கடிதம் எழுதியும் பதில் போடாத கல்நெஞ்சுக்காரி நீவெஸ்.

பாட்டில் அவள் பெயரைக்கூட மறைக்கவில்லை, மகராசன்.

ஐம்பது வருஷமாகக் கல்யாண வீட்டிலும் கால்பந்து மைதானத்திலும் அதே பாட்டு. நீவெஸ் ரொட்டிக் கடைக்குள் நுழைந்தால் வரிசையில் யாராவது அந்த மெட்டில் சீட்டியடிப்பார்கள். பெண் கேட்டு வந்த இரண்டு பேரும் சீட்டியைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். வயது எழுபத்தொன்று. இன்னும் தனியாள்.

இன்று தட்டிவிட்டால் ஊர் மன்னித்துவிடும். அது அவளுக்கும் தெரியும். சத்தமாகத் தட்டவேண்டும் என்றுதானே கையுறையைக் கழற்றி வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

பெட்டி அவள் முன்னால் வந்தது. யாரோ அந்தப் பாட்டை எடுத்துக்கொடுக்க, தெருவே சேர்ந்துகொண்டது.

நீவெஸின் கைகள் எழுந்து, பாதியில் நின்றன.

"எனக்கு ஒரு கடுதாசியும் வரலப்பா," என்றாள் பெட்டியைப் பார்த்து. ஐம்பது வருஷமாகச் சொல்கிற அதே பேச்சு.

கறிக்கடை துல்லியோ சிரித்தேவிட்டான். "பொணத்துகிட்டயுமா பொய்? எர்சீலியாக்கா, நீதான அப்ப தபாலாபீஸ்ல இருந்த, சொல்லேன்!"

"என் கையில வந்த கடுதாசி ஒண்ணாவது தொலைஞ்சிருக்காடா?" என்றாள் எர்சீலியா.

நீவெஸ் கைகளைத் தொங்கவிட்டாள். எங்கிருந்தோ சீட்டி கிளம்பியது. கையுறையை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடியே அவள் சந்துக்குள் நடந்தாள்.

எர்சீலியா உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். பாடவும் பாடினாள். அந்தக் கடித வரி வரும்போது மட்டும் அவளுக்கு எப்போதும் ஒரு சின்னக் குறை. மெட்டுக்காக மூன்று என்று சுருக்கிவிட்டான் போலிருக்கிறது.

மொத்தம் ஏழு. கடைசி இரண்டை எர்சீலியா பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் அலுத்துவிட்டது.